தையலுக்கு விட்டிருக்கா இல்லையான்னு ஒரு வரி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர இருபது வருசத்துக்கு மேல வாங்கிட்டிருக்கேன், காலையில படிக்கறதுக்கு, சாயங்காலம் வெட்டறதுக்கு. வெட்டறதுன்னா பேட்டர்ன், அதாவது துணிய வெட்டறதுக்கு அளவு பாத்து வச்சுக்கற காகித அச்சு, அத வெட்டறதுதான், மதுரையில எங்க தெருவுல ஜாக்கெட் சுடிதார் நைட்டி தைக்கற ஆளு நான், பிரவுன் பேப்பர் விக்கற வெலைக்கு விரிச்சா இம்புட்டு அகலமா வர்ற தாள் வேற எங்க கெடைக்கும் சொல்லுங்க. அதனால கோவத்துல எழுதறேன்னு நெனக்காதீங்க. கொஞ்சம் கோவம் இருக்கு, இல்லைன்னு சொல்லல.

போன மாசம் ஞாயித்துக்கிழமை இணைப்புல, வெயிலுக்கு லேசான காட்டன் கவுன் நீங்களே தைக்கலாம்னு முழுப் பக்கம் போட்டிருந்தீங்கல்ல. படம் நல்லாத்தான் இருந்துச்சு. முழங்காலுக்குக் கீழ வர்ற ஏ லைன் கவுன், மேல குறுகி கீழ போகப் போக விரியறது, கை கெடையாது, ரெண்டு சைடுலயும் பாக்கெட். அத போட்டோ எடுத்து கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருக்கற எம்மகளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினதுதான் தாமதம், அம்மா பாக்கெட் இருக்கும்மா லீவுக்கு வரும்போது இது வேணும்னு போன் பண்ணிட்டா. (பொம்பளப் புள்ளைங்க டிரஸ்ல ஒரு பாக்கெட் வைக்க ரெடிமேட்காரங்களுக்கு என்னதான் கஷ்டமோ, அப்படியே வச்சாலும் ரெண்டு விரல்தான் உள்ள போகும், போன் போகாது.)

உங்க குறிப்புல அளவு எப்படி இருந்துச்சுன்னா, மார்பு 36, அதுல நாலுல ஒரு பங்கு 9, துணிய நாலா மடிச்சு 9 இன்ச்சுல கோடு போட்டு வெட்டுங்க, ரெண்டு சைடும் அடிச்சா கவுன் ரெடி. அம்புட்டுதான். நான் முப்பது வருசமா மெஷின் மிதிக்கறவ, எனக்கே அன்னைக்கு புத்தி எங்க போச்சோ, பேப்பர்ல அச்சடிச்சு வந்தா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே வெட்டிட்டேன், இந்த 9 எந்த 9னு கேக்கவே தோணல. உடம்பு அளவா, தச்சு முடிச்ச அளவா, தையலுக்கு விட்டது சேர்ந்ததா? நாலொம்போது 36 சரி. சைடு தையலுக்கு ஓரத்துக்கு அரை இன்ச்சு போகும், முன்பக்கம் ரெண்டு ஓரம் பின்பக்கம் ரெண்டு ஓரம், நாலு அரை ரெண்டு இன்ச்சு காலி, மிச்சம் 34. 36 இன்ச்சு உடம்பு 34 இன்ச்சு பைக்குள்ள எப்படிங்க போகும்?

பாதி போச்சு. கைய மேல தூக்கி தலை வழியா மாட்டுனா புள்ள, நெஞ்சுகிட்ட வந்து நின்னுக்கிச்சு, ஏறவும் மாட்டேங்குது எறங்கவும் மாட்டேங்குது, ரெண்டு கையும் தூக்கினபடி மூஞ்சி முழுக்க துணிக்குள்ள, அம்மா மூச்சு முட்டுதும்மான்னு உள்ள இருந்து சத்தம் வருது, எனக்கு பதட்டத்துல சிரிப்பு வேற. கடைசியில கத்திரி முனையால சைடு தையல ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் வெளிய எடுத்தேன். ரெண்டரை மீட்டர் துணி, வாயில்னு சொல்வோமே அந்த மெல்லிசான காட்டன், வெளிர் நீலத்துல பொடிப்பொடியா வெள்ளைப் பூ. இப்ப அது ரெண்டு தலகாணி உறை.

இந்தக் குழப்பம் ஏன் வருதுன்னு யோசிச்சுப் பாத்தேன். நம்ம ஊருல பேட்டர்ன்னாலே அளவு ஜாக்கெட்தான். டேப்ப உடம்புல வச்சு அளக்க விடறவங்க கம்மி, பழைய ஜாக்கெட்ட பையில போட்டு கொண்டாந்து, இதே மாதிரி, கை மட்டும் ஒரு அரை இன்ச்சு லூசுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அந்த ஜாக்கெட்லயே தேவையான லூசு இருக்கு, உள்ள பிரிச்சு விட ரெண்டு மூணு தையல் தள்ளி துணியும் மடங்கிக் கெடக்கும், அடுத்த தீவாளிக்கு உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம். அளவு ஜாக்கெட் பொய் சொல்லாது, ஏன்னா அது தச்சு முடிச்சு ஒருத்தர் போட்டுப் பாத்த துணி. பேப்பர்ல வர்ற 36 அப்படியில்ல, அது வெறும் நம்பர், யாரோட 36னு அதுக்கே தெரியாது.

அப்புறம் லூசு. திருப்பூர் பனியன் துணின்னா 36 உடம்புக்கு 36லயே வெட்டினாலும் இழுத்துக் குடுக்கும். தறியில நெய்த துணி, வாயிலோ மல்மல்லோ காம்ப்ரிக்கோ, ஒரு நூல் கூட குடுக்காது. வெயிலுக்குப் போடற கவுன்னா உடம்புக்கு மேல மூணு நாலு இன்ச்சு லூசு இருந்தாத்தான் உள்ள காத்து போகும், இல்லாட்டி லேசான துணி எடுத்து என்ன புண்ணியம், வேர்வையில முதுகோட ஒட்டிக்கிட்டு நிக்கும்.

வெளிநாட்டு பேட்டர்ன் எப்படின்னும் பாத்தேன், மக சொல்லிக் குடுத்தா. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக்னு அமெரிக்க கம்பெனிங்க பேட்டர்ன்ல தையலுக்கு அஞ்சு நூல் சேர்த்தே வெட்டு கோடு இருக்கும், ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒண்ணு, அப்ப அஞ்சு நூல் இன்ச்சுல எட்டுல அஞ்சு. ஜெர்மனியோட புர்டா புக்குல வர்ற பேட்டர்ன்ல தையலுக்கு விட்டிருக்காது, நீங்கதான் விட்டு வெட்டிக்கணும். ரெண்டும் சரிதான், எனக்கு அதுல சண்டை இல்ல, ஏன்னா ரெண்டு பேரும் அத சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கறாங்க. 36 மார்புக்கு அந்த அமெரிக்க பேட்டர்ன்ல சைஸ் 14, அதே உடம்போட அங்க ரெடிமேட் கடைக்குப் போனா அதவிட சின்ன நம்பர் மாட்டுமாம், அதனால நம்பர நம்பாத, இன்ச்ச பாருன்னு கவர் மேலயே உடம்பு அளவு போட்டு வச்சிருக்கான். 1863ல மாசசூசெட்ஸ்ல எபனேசர் பட்டரிக்னு ஒரு டெய்லர்தான் ஒரே டிசைன பல சைஸ்ல காகிதத்துல வெட்டி விக்க ஆரம்பிச்சது, அந்தக் காலத்து பேட்டர்ன்ல எழுத்தே இருக்காது, வெறும் ஓட்டை, ஓட்டைய வச்சுத்தான் எங்க டாட்டு (உடம்பு வளைவுக்குப் பிடிச்சுத் தைக்கறது) எங்க மடிப்புன்னு புரிஞ்சுக்கணும். உங்க குறிப்புல அந்த ஓட்டையும் இல்லையே ஐயா.

சரி உங்கள மட்டும் சொல்லிட்டுப் போனா நியாயமில்ல, என் தப்பும் ஒண்ணு இருக்கு. முதல் கவுன் தலகாணி உறையானதும் மக காசு கட்டி நெட்ல ஒரு பேட்டர்ன் எறக்கினா, வீட்ல பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கற மாதிரி 24 தாள். பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில குடுத்தோம். அந்த ஃபைல் அமெரிக்க தாள் அளவுக்குப் போட்டது, அது நம்ம ஏ4ஐ விட அகலம் கொஞ்சம் ஜாஸ்தி, கடைக்காரத் தம்பி ஓரம் வெட்டுப்படக்கூடாதேன்னு நல்லெண்ணத்துல பக்கத்துக்குள்ள அடங்கற மாதிரி சுருக்கி எடுத்துக் குடுத்துட்டான். முதல் தாள்லயே ஒரு சின்ன கட்டம் போட்டு, இது 5 சென்டிமீட்டர் இருக்கணும், அளந்து பாத்துட்டு மேல போங்கன்னு எழுதியிருக்கு. நான் அளக்கல. ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து 24 தாளையும் செல்லோடேப் போட்டு ஒட்டி முடிச்ச அப்புறம் சும்மா டேப்ப வச்சுப் பாத்தா 4.7. ரெண்டு தடவ பாத்தேன், டேப்பு தேஞ்சிருக்கோன்னு ஸ்கேல வச்சும் பாத்தேன், 4.7தான். அரை சென்டிமீட்டர் கூட இல்ல, வெறும் 3 மில்லிமீட்டர், என்ன ஆயிரப் போவுதுன்னு தோணும், ஆனா 5க்கு 4.7னா நூத்துக்கு ஆறு கம்மி, 40 இன்ச்சு வர வேண்டிய கவுன் 37.6ல நிக்கும். திரும்பவும் கைய தூக்கிட்டு நிக்க வேண்டியதுதான் புள்ள. நல்லவேள துணிய வெட்டல. மறுநாள் போய் அளவு மாத்தாம அப்படியே எடுங்க தம்பின்னு நின்னு பாத்து எடுத்துட்டு வந்தேன்.

அந்த அஞ்சு நூல் சமாச்சாரம் ஏன் முக்கியம்னா, லேசான துணியில ஓவர்லாக் (பிசிறு வராம ஓரத்த சுத்தி அடிக்கற தையல்) போட்டா வெளிச்சத்துல நின்னா அந்தக் கோடு அப்படியே வெளிய தெரியும், பாக்க சகிக்காது. அதுக்குத்தான் ஃப்ரெஞ்ச் சீம். துணியோட நல்ல பக்கம் வெளிய தெரியறாப்ல ரெண்டயும் சேர்த்து வச்சு ரெண்டு நூல் தள்ளி ஒரு தையல், பிசிற நல்லா வெட்டி விட்டு உள்பக்கமா திருப்பி அயர்ன் பண்ணி மூணு நூல்ல இன்னொரு தையல், பிசிறு மொத்தமும் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். ரெண்டும் மூணும் அஞ்சு, கச்சிதம். அரை இன்ச்சு மட்டும் விட்டு வெட்டிட்டு இந்தத் தையல் போட்டா ஓரத்துக்கு ஒரு நூல் வீதம் நாலு ஓரத்துக்கு அரை இன்ச்சு காணாமப் போகும். உங்க குறிப்புல வாயில் துணி எடுங்கன்னு சொன்னீங்க, எந்தத் தையல்னு சொல்லல.

மூணாவது தடவதான் கவுன் உருப்பட்டுச்சு. அதுக்கு துணியே வாங்கல, எங்க அம்மாவோட பழைய சுங்குடி சேலை, அரக்கு கலர், கட்டிக் கட்டி பஞ்சு மாதிரி ஆனது. மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு கெடச்சாச்சு, ஆனா இப்ப சுங்குடின்னு விக்கறதுல நெறைய பிரிண்ட்தான், அம்மாவோடது நெசமா முடிச்சு போட்டு சாயம் ஏத்தினது, புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. பழைய சேலையில பெரிய சவுகரியம், இனிமே சுருங்காது, சாயம் போக வேண்டியதும் போயாச்சு. புதுத் துணின்னா வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில போட்டு அலசிக் காய வச்சு அயர்ன் பண்ணணும், போன வருசம் நான் வாங்கின மூணு மீட்டர் காட்டன் முத அலசுலயே நாலு இன்ச்சு உள்ள போச்சு. இதையும் உங்க குறிப்புல தேடிப் பாத்தேன், இல்ல.

சேலைக் கரைய கவுனோட அடியில வர்ற மாதிரி வச்சா ஹெம்மிங் வேலை மிச்சம்னு ஆசைப்பட்டேன், அப்புறம்தான் உறைச்சுது, ஏ லைன்னா அடிப்பக்கம் வளைஞ்சு வரணும், கரை வளையுமா? அதனால மேல ஒரு யோக், அதாவது தோள்ல இருந்து நெஞ்சு வரைக்கும் தனியா வெட்டற துண்டு, அதுக்குக் கீழ நேரா வெட்டின துணிய சுருக்கம் வச்சு சேர்த்தேன். 36ம் லூசு 4ம் 40, நாலுல ஒண்ணு 10, கூட அஞ்சு நூல், இத உங்க பேப்பர்ல வெட்டி, அப்பாவோட கிழிஞ்ச வேட்டியில யோக்க மட்டும் ஒரு வெள்ளோட்டம் தச்சு மாட்டிப் பாத்து, கைக்குழிய கால் இன்ச்சு எறக்கிட்டு அப்புறம்தான் சேலையில கத்திரிய வச்சேன். ஊசி 16 எடுத்துட்டு அதவிட மெல்லிசான 11 போட்டேன், அப்பவும் ஆரம்பிக்கற எடத்துல மெஷின் துணிய தகட்டு ஓட்டைக்குள்ள இழுத்துச்சு, அடியில ஒரு துண்டு வெள்ளத் தாள் குடுத்து தச்சுட்டு கிழிச்சு எடுத்துட்டா சரியாயிரும். (உங்க பேப்பர அதுக்கு வைக்க முடியாது, மை ஒட்டிக்கும்.) பாக்கெட் போன் முழுசா முங்கற ஆழம். மக போட்டுட்டு கைய மேல தூக்கினா, தானா தூக்கினா, சிரிச்சுக்கிட்டே.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. இனிமே தையல் குறிப்பு எது போட்டாலும், இந்த அளவு உடம்போடதா தச்ச துணியோடதா, தையலுக்கு விட்டிருக்கா, விட்டிருந்தா எத்தன நூல்னு படத்துக்குக் கீழ ஒரு வரி போடுங்க, வாயில் மாதிரி துணின்னா அலசிட்டு வெட்டச் சொல்லி இன்னொரு வரி. சமையல் குறிப்புல உப்பு தேவையான அளவுன்னு போட்டா நாங்க நாக்குல வச்சுப் பாத்து சரி பண்ணிக்குவோம், வெட்டின துணிய என்ன பண்றது.

அப்புறம் அந்த கவுனுக்கு ஒரு திருத்தம் இந்த ஞாயித்துக்கிழமையே போட்டுருங்க. எங்க தெருக்கோடி வீட்டு அக்கா அதே பக்கத்த வச்சுக்கிட்டு, பேத்திங்க ரெண்டு பேருக்குன்னு அஞ்சு மீட்டர் வாயில் வாங்கி வச்சிருக்காங்க. கத்திரி வெயில் ஆரம்பிச்சிருச்சு, புள்ளைங்க வேற நச்சரிக்குதுங்க. வெட்டாதீங்கக்கா, பேப்பர்ல சரியா போடுவாங்கன்னு சொல்லி நிப்பாட்டி வச்சிருக்கேன். நான் சொன்னா, பேப்பர்ல 9தானே போட்டிருக்குன்னு என்கிட்டயே காட்டறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை