ஞாயிறு ஜூம் கூட்டத்தில் பேசுகிறவர்கள் கவனத்திற்கு

வணக்கம். மா விவசாயிகள் கூட்டம் ஞாயிறு மாலை 7 மணிக்கு. நம்முடையது இலவசக் கணக்கு, 40 நிமிடத்தில் நின்றுவிடும். அதனால் பேசுகிற மூவருக்கும் ஆளுக்கு 10 நிமிடம்தான், மீதி கேள்விகளுக்கு.

கேட்பவர்களில் பெரும்பாலோர் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் தோட்டத்திலிருந்தே போனில் பார்ப்பவர்கள். ஸ்லைடில் பத்து வரி போட்டால் அந்தச் சின்னத் திரையில் எறும்பு ஊர்வது மாதிரித்தான் தெரியும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் போதும். தத்துப்பூச்சி தாக்கிய பூங்கொத்தைக் காட்டி, "இது என்ன? 1 பூச்சி, 2 நோய், சாட்டில் எண்ணைப் போடுங்கள்" என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். எண் என்றால் டைப் வராதவர்களும் போடுவார்கள். கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். பதில் வந்ததும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மைக்கில் பேச வையுங்கள்.

பெங்களூரா மாம்பழத்தின் விலைப் பேச்சு வந்தால் கூட்டம் அதோடு போய்விடும் (கோபம் நியாயம்தான்). அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வீடியோ போடுபவர்கள் பகிரும்போது ஒலிக்கான டிக்கையும் போட வேண்டும், இல்லையென்றால் ஊமைப்படம்தான். அப்புறம், சனி இரவு 8 மணிக்கு ஒத்திகை. வர முடியாதவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.