எரிமலை மாடல் வேண்டாம், ஒரு டப் தண்ணீர் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம் நெருங்கினாலே வடசென்னை நர்சரிப் பள்ளிகளில் சோடா மாவு எரிமலையும் தெர்மகோல் சூரியக் குடும்பமும் வரிசை கட்டிவிடும். செய்வது அப்பா, அம்மா. யுகேஜி பிள்ளை பக்கத்தில் நின்று மனப்பாடமாக இரண்டு வரி ஒப்பிக்கும். 2019-இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அங்கேயும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்வதற்குள் சொல்லிவிட நினைக்கிறோம்: இந்த வயதுக்கு ஒரு டப் தண்ணீரும் சமையலறைச் சாமான் பத்தும் போதும்.

டப் 25 செ.மீ. அகலம் இருக்கட்டும். 5 லிட்டர் ஊற்றினால் தண்ணீர் 10 செ.மீ. நிற்கும். பெரிதாக இருக்கட்டுமே என்று 35 செ.மீ. பேசின் வாங்கினால் அதே உயரத்துக்குப் பத்து லிட்டர் போய்விடும். லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கும் தெருக்களில் இந்தக் கணக்கு சின்ன விஷயமல்ல. மூன்று டப், டப்புக்கு நான்கு பிள்ளைகள். மற்றவர்கள் அந்த நேரம் படம் வரையட்டும்.

பொருட்கள்: கால் கிலோ எடையுள்ள கத்தரிக்காய் ஒன்று, எவர்சில்வர் ஸ்பூன், சின்ன சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, உருளைக்கிழங்கு, கேரட், மூடி போட்ட காலி பாட்டில். தரையில் மிதப்பதற்கு நீலத்தாள் ஒன்று, முழுகுவதற்குப் பழுப்புத்தாள் ஒன்று. தண்ணீரில் போடும் முன் பொருளைக் கையில் கொடுத்து, "மிதக்குமா, முழுகுமா?" என்று கேட்டு, பிள்ளை சொல்லும் தாளில் வைக்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட்டால் அது தண்ணீர் விளையாட்டோடு நின்றுவிடும். கனமானது முழுகும் என்றுதான் இந்த வயதில் எல்லோரும் நினைப்பார்கள். குண்டுக் கத்தரிக்காய் மிதந்து, ஒல்லி ஸ்பூன் அடியில் போய் உட்காரும்போது வகுப்பே ஒரு கணம் அமைதியாகும். அங்கே "அடர்த்தி" என்று ஆரம்பிக்கும் டீச்சரின் வாயைக் கட்டத்தான் வேண்டும்! "ஏன்?" என்ற கேள்விகூட நான்கு வயதுக்குச் சுமை. "கிண்ணத்தை எப்படிப் போட்டால் மிதக்கும், எப்படிப் போட்டால் முழுகும்?" என்று கேளுங்கள். அதற்குக் கையே பதில் சொல்லும்.

அடுத்த வாரம் படகு. காசிமேடு, ராயபுரம் பிள்ளைகளுக்குப் படகைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. எலுமிச்சை அளவு கிளே உருண்டை முழுகும். அதையே கிண்ணம்போல் குழித்து விட்டால் மிதக்கும். கிளே தண்ணீரில் கரையாத எண்ணெய்ப் பசை வகையாக இருக்க வேண்டும். மைதா கலந்த வகையோ சப்பாத்தி மாவோ ஐந்து நிமிடத்தில் கூழாகிவிடும். ஓரத்தைத் தாழ்வாகச் செய்வதால் தண்ணீர் உள்ளே புகுந்துதான் பல படகுகள் முழுகுகின்றன. ஓரத்தை உயர்த்திப் பிடிக்கச் சொன்னால் போதும், செய்துகாட்ட வேண்டாம். சரக்காகத் துணி கிளிப்பை ஒவ்வொன்றாக ஏற்றி எண்ணலாம். புளியங்கொட்டை வேண்டாம், அது மூக்குக்குள் போகும். அலுமினியத் தாளைக் கசக்கிப் போட்டால் முழுகும் என்று வீடியோவில் காட்டுவார்கள். கையால் கசக்கினால் மடிப்புகளில் காற்று சிக்கிக்கொண்டு பெரும்பாலும் மிதந்துகொண்டேதான் இருக்கும். சுத்தியலால் தட்டினால்தான் முழுகும்.

உப்புத் தண்ணீரில் உருளைக்கிழங்கு மிதப்பதிலும் இப்படி ஒரு சறுக்கல் உண்டு. பக்கத்திலேயே கடல் இருக்கிறதே என்று ஒரு பாட்டில் பிடித்து வந்தால் கிழங்கு முழுகித்தான் போகும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கே உப்பு. கிழங்கைத் தூக்க 200 கிராம் வேண்டும். போதாக்குறைக்குத் துறைமுகத் தண்ணீர் பிள்ளைகள் கை வைக்கும் தண்ணீரும் அல்ல. கல்லுப்பு கரைய நேரமெடுக்கும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் முன்னதாகவே கரைத்து ஆறவிட வேண்டும்.

ஈரப் பஞ்சில் பயறு முளைக்கவிடுவது எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் பாசத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதால்தான் பயறு காற்றில்லாமல் அழுகி நாறுகிறது. ஸ்பூனுக்குப் பதில் ஸ்பிரே பாட்டில் கொடுங்கள். திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளிக்குள் வேர் தெரிந்துவிடும். வியாழக்கிழமை தொடங்கினால் சனி, ஞாயிறில் பஞ்சு காய்ந்து எல்லாம் போச்சு.

வகுப்புக்குள் வரவே கூடாதவை சில உண்டு. பொத்தான் அளவு காந்தத்தில் இரண்டை விழுங்கினால் குடலைக் கவ்விப் பிடித்துத் துளைத்துவிடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். தண்ணீரில் ஊதிப் பெருக்கும் ஜெல் மணிகள் குடலை அடைக்கும். காந்தம் வேண்டுமென்றால் கைப்பிடி உள்ள பெரிய காந்தம் மட்டுமே. மூன்று வயதுக் குழந்தை டப் தண்ணீரிலும் மூழ்கிவிடக்கூடும் என்பதால், பெரியவர் ஒருவர் டப்பை விட்டு நகரக் கூடாது. முடிந்ததும் டப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

இதற்காகத்தான் கேட்கிறோம். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், ஆயாவை வகுப்பறைக்குள்ளேயே இருக்க விடுங்கள். அந்த நேரத்தில் அவரை டிபன் பாக்ஸ் கழுவவோ கேட்டில் நிற்கவோ அனுப்பாதீர்கள். பார்வையிட வரும் அதிகாரிகள் ஈரத் தரையைக் குறையாக எழுதாமல் மாப் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கண்காட்சி சார்ட்டுக்குப் போகும் காசில் மூன்று டப், ஒரு மாப், இரண்டு பாக்கெட் கிளே வாங்கிவிடலாம். தண்ணீரும் வீணாகாது. மிதக்கவிட்ட 15 லிட்டரும் செடிக்குப் போகும், உப்புத் தண்ணீரை மட்டும் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

மழலையர் வகுப்பு ஆசிரியைகள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.