எட்டும் ரெண்டும் எப்பவும் பத்து இல்ல சார்

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல வெக்டர் பத்தி வந்த கட்டுரைய எங்கிட்ட டியூஷன் வர்ற பிளஸ் ஒன் பசங்க கொண்டாந்து காட்டுனாங்க. படம்லாம் நல்லாதான் இருந்துச்சு, ஆனா அளவும் திசையும் இருந்தா வெக்டர்னு ரெண்டு வரி சொல்லிட்டு நேரா ரெண்டு வெக்டர கூட்டுற ரூட்டு, காஸ் தீட்டா ஃபார்முலாவுக்கு தாவிட்டீங்க, அங்கதான் பசங்க கழண்டுக்குறாங்க.

எங்களுக்கு காசிமேடு மீன்பிடி துறைமுகம் பக்கத்துலயே இருக்கு, வேற உதாரணம் எதுக்கு? ஒரு போட்டு, அதான் படகு, கிழக்க பாத்து மணிக்கு 8 கிலோமீட்டர் போகுது, தண்ணி தெக்கேருந்து வடக்க 2 கிலோமீட்டர்ல இழுக்குதுன்னு வைங்க. சும்மா கூட்டுனா 10. ஆனா கிராஃப் பேப்பர்ல கிழக்க 8 சென்டிமீட்டர் கோடு போட்டு, அது முடியிற எடத்துலேருந்து வடக்க 2 போட்டு, ஆரம்பத்துலேருந்து கடைசி முனை வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்தா 8.2 சொச்சம்தான் வரும், போட்டு 14 டிகிரி வடக்க ஒதுங்கி போகுது. முக்கோண விதி அவ்ளோதான்.

இதுல பசங்க மாட்டுற எடம் ஒண்ணு இருக்கு. தண்ணி பக்கவாட்டுல இழுத்தா கிழக்க போற தூரம் கொறையும்னு நெனைக்கிறாங்க. கொறையாது, ஒரு மணி நேரத்துல கிழக்க 8 கிலோமீட்டர் போயே தீரும், தண்ணி 4ல ஓடுனாலும் அதே 8தான், வடக்க இன்னும் கொஞ்சம் தள்ளிட்டு போயிருக்கும் அவ்ளோதான். இல்ல நேர் கிழக்காதான் போவணும்னு போட்டோட முனைய பதினாலரை டிகிரி தெக்க திருப்பி ஓட்டுனா அப்பதான் வேகம் 7.7 சொச்சமா எறங்கும். போட்டு ஓட்டுற அண்ணன்ங்க பேப்பரே இல்லாம இந்த திருப்பல தினமும் பண்றாங்க.

நியூட்டன் 1687ல மூணு விதிய சொல்லி முடிச்ச கையோட மொத மொதல்ல எடுத்ததே இதே கூட்டல இணைகரமா வரையிற விதியத்தான், அதுவும் படம் போட்டுதான் விளக்குனாரு, காஸ் தீட்டா வெச்சு இல்ல. நம்ம மட்டும் ஏன் தலைகீழா ஆரம்பிக்கிறோம்னு தெரியல.

அடுத்த வாரம் அந்த பக்கத்துல ஒரு கட்டம் போட்ட தாள அச்சடிங்க சார், எடம் இல்லன்னு சொல்லாதீங்க, நகைக்கடை விளம்பரத்துக்கு முழு பக்கம் குடுக்குறீங்க. ரெண்டு பேர் ஒரே பலத்தோட 120 டிகிரி விரிச்சு கயிறு இழுத்தா மொத்தம் எவ்ளோன்னு பசங்கள வரைய சொல்லுங்க. ஒரே ஒரு ஆள் பலம்தான் வரும். நம்பாம ஸ்கேல திரும்ப வெச்சு அளப்பாங்க பாருங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர், தண்டையார்பேட்டை