டார்ச் லைட் பெட்டியில் விழும் உயரத்தையும் அச்சிடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்த பிறகு, அதுபற்றிய விழிப்புணர்வுச் செய்திகள் நிறைய வருகின்றன. இரவில் வெளியே போகும்போது கையில் டார்ச் லைட் வேண்டும் என்ற அறிவுரையை அவற்றில் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல அறிவுரை. ஆனால் எந்த மாதிரி டார்ச் என்று யாரும் சொல்வதில்லை. நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். முன்பு ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்தேன். இப்போது அதிகம் வருவது டார்ச்சும் சார்ஜரும்தான். கீழே விழுந்தால் எவ்வளவு உயரம் வரை தாங்கும் என்பதை டார்ச் பெட்டியில் அச்சிட வேண்டும் என்று அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

என் மேஜைக்கு வரும் டார்ச்சுகளில் முக்கால்வாசி கீழே விழுந்து கெட்டவை. வரப்பில் வழுக்கும்போது கை தவறியது, மோட்டார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் விழுந்தது, வண்டி ஓட்டும்போது சட்டைப்பையிலிருந்து நழுவியது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சேற்றில் விழுந்தது அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும், சேறு உள்வாங்கிக்கொள்கிறது. சிமெண்டு அப்படி விட்டுக்கொடுக்காது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் கண் இமைப்பதற்குள் நிற்க வேண்டும் என்றால், உள்ளே இருக்கிற எல்லாமும் அந்த அடியை வாங்குகிறது.

பழைய டார்ச்சில் குண்டு பல்பு இருந்தது. விழுந்தால் இழை அறுந்துவிடும், பல்பை மாற்றினால் மறுபடி எரியும். சில டார்ச்சுகளின் அடிமூடிக்குள்ளேயே ஒரு ஸ்பேர் பல்பு வைத்திருப்பார்கள். எல்.ஈ.டி. வந்தபோது, இதில் இழையே இல்லை, போட்டாலும் உடையாது என்று சொல்லித்தான் விற்றார்கள். எல்.ஈ.டி.யைப் பொறுத்தவரை அது உண்மைதான். விழுந்து வந்த டார்ச்சைப் பிரித்து, எல்.ஈ.டி.க்கு மட்டும் நேராக மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பளிச்சென்று எரிகிறது. கெட்டுப்போவது அதைச் சுற்றி இருப்பவை.

முதலில் பேட்டரி. இப்போதைய சார்ஜ் டார்ச்சுகளில் இருக்கும் 18650 என்கிற லித்தியம் செல் சுமார் 45 கிராம் எடை இருக்கும். டார்ச் தலைகுப்புற விழுந்தால் உடம்பு நின்றுவிடும், உள்ளே இருக்கும் செல் நிற்காமல் போய் முன்பக்கத்துச் சின்ன சர்க்யூட் போர்டில் இடிக்கும். இரண்டு முனையிலும் நல்ல ஸ்பிரிங் இருந்தால் அடி குறையும். செலவை மிச்சம் பிடிக்கப் பலர் ஒரு பக்கம் மட்டும்தான் ஸ்பிரிங் வைக்கிறார்கள், மறுபக்கம் வெறும் பித்தளைப் பொட்டு. அப்படிப்பட்டதைப் பிரித்தால் போர்டில் பொட்டு அமுங்கி, பக்கத்தில் உள்ள பாகம் பெயர்ந்திருக்கும்.

அடுத்தது ஒயர். போர்டிலிருந்து எல்.ஈ.டி.க்குப் போகும் தலைமுடி மாதிரியான இரண்டு ஒயர்கள் சால்டர் வைத்த இடத்தில் விட்டிருக்கும். முழுதாக அறுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். பாதி விட்டதுதான் மோசம். கடையில் வைத்தால் எரியும், வீட்டுத் திண்ணையில் எரியும், வரப்பில் நடந்து குலுங்கும்போது அணையும். தட்டினால் எரிகிறது என்று தட்டித் தட்டியே பயன்படுத்துகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தட்டி எரிய வைக்கும் நேரத்துக்குள் கால் எங்கே படும் என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையான இறப்புகளை ஆராய்ந்தவர்கள் சொன்ன கணக்கு. வயலில் எலியைத் தேடி வரும் கண்ணாடி விரியன் அதிகம் நடமாடுவது இரவில். எங்கள் பக்கத்துக்காரர்கள் மோட்டார் போடவும் மடை திருப்பவும் போவதும் அதே இரவில்தான்.

சின்ன செல் மூன்று போடுகிற மலிவு டார்ச்சில் பிளாஸ்டிக் கூடு உடைகிறது. மற்றபடி அடிமூடி ஸ்விட்ச், முன்கண்ணாடி, மரை. இவையெல்லாம் பார்த்தவுடன் தெரிகிற பழுதுகள்.

இதையெல்லாம் முன்கூட்டியே அளந்து சொல்ல முடியும். அமெரிக்காவில் 2009-ல் எஃப்.எல்.1 என்று டார்ச்சுக்காகவே ஓர் அளவுமுறை கொண்டுவந்தார்கள். வெளிச்சம், எரியும் நேரம், ஒளி போகும் தூரம், தண்ணீர் தாங்கும் தன்மை ஆகியவற்றோடு விழுந்தால் தாங்கும் உயரத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். செல் போட்ட டார்ச்சை கான்கிரீட் தரையில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் படுகிற மாதிரி ஆறு தடவை போட வேண்டும். அதற்குப் பிறகும் விரிசல் இல்லாமல் எரிய வேண்டும். குறைந்தது 1 மீட்டர் உயரம். தாங்கிய உயரத்தை, கீழே விழும் டார்ச் படத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் அச்சிடுவார்கள். கட்டாயச் சட்டம் கிடையாது, விருப்பமுள்ள கம்பெனிகள் பின்பற்றுகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த டார்ச்சுகளின் பெட்டியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ச் சந்தையில் விற்கும் பெட்டிகளில் என்ன இருக்கிறது? நம்ப முடியாத லூமன் (வெளிச்சத்தின் அளவு) கணக்கு, ராணுவ வீரர் படம், ‘உறுதியானது’ என்று ஒரு வார்த்தை. எத்தனை அடியிலிருந்து உறுதி என்று இல்லை.

பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் இருப்பதால்தான் இன்று பெட்டியில் விலை, தயாரித்த மாதம், வருடம், கம்பெனி முகவரி எல்லாம் இருக்கின்றன. அதே பெட்டியில் விழும் உயரத்தையும் தமிழில் ஒரு வரி போடச் சொல்வது பெரிய காரியம் இல்லை. தானாகச் செய்ய முன்வரும் கம்பெனி செய்யட்டும், மற்றவர்களை நுகர்வோர் துறை செய்ய வைக்கட்டும். என்னைக் கேட்டால் வயல் வேலைக்கு 1 மீட்டர் போதாது. இடுப்பளவில் பிடித்த டார்ச்சுக்குத்தான் அது சரி. தோள் உயரத்துக்கு 1.5 மீட்டராவது வேண்டும். தலையில் கட்டுகிற விளக்கு என்றால் 2 மீட்டர்.

விலை கூடிவிடும் என்று சொல்வார்கள். இன்னொரு ஸ்பிரிங், எல்.ஈ.டி. தகட்டைப் பசையில் ஒட்டாமல் இரண்டு திருகாணி போட்டு முடுக்குவது, ஒயர் மூட்டின் மேல் ஒரு சொட்டு சிலிக்கான். இவற்றைச் செய்த டார்ச் அதே அடியைத் தாங்குவதை என் மேஜையிலேயே பார்க்கிறேன், ஏனென்றால் ரிப்பேருக்கு வந்தவற்றில் நான் இதைத்தான் செய்து கொடுக்கிறேன். சில்லறைக் காசுதான் ஆகும். அலுமினிய உடம்புக்கும் பளபளப்புக்கும் செலவழிக்கிறவர்களால் இது முடியாதா? போன் லைட் இருக்கிறதே என்று டார்ச்சை விட்டுவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஈரக் கையில் போன் இன்னும் சீக்கிரம் நழுவும். அது உடைந்தால் வெளிச்சத்தோடு உதவிக்குக் கூப்பிடும் வழியும் போய்விடும்.

விதி வரும்வரை, வாங்குபவர்கள் கடையிலேயே டார்ச்சைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே செல் ஆடும் சத்தம் கேட்டால் வேண்டாம். மூடியைத் திறந்து இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் மாட்டக் கயிறு போட ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் கயிறு கட்டியே பயன்படுத்துங்கள். விழுந்த டார்ச் எரிகிறதே என்று அப்படியே விட வேண்டாம், அன்றைக்கே குலுக்கிப் பார்த்து, மினுக்கினால் ரிப்பேருக்குக் கொடுங்கள். அப்புறம், செல்லை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் நசுங்கல் இருந்தால், எரிந்தாலும் சரி, அதைச் சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் செல் உள்ளே ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், அதுவும் ராத்திரி எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் இருக்கும். அந்தச் செல்லைக் குப்பையில் எறியாமல், முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டுப் புதுச் செல் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ, டி.வி. மெக்கானிக்,
திருத்துறைப்பூண்டி.