மூன்று வாரத்தில் நகல் எடுத்தவர்களைப் பற்றி

அன்புள்ள அம்மிணிக்கு,

வெளியே சாயத்துக்கும் மற்ற வேலைக்கும் போய்வரும் துணிக்குக் கணக்கு வைக்க நீ ஒன்றரை வருஷம் உட்கார்ந்து செய்த ஜாப் ஒர்க் சாஃப்ட்வேரை யாரோ இரண்டு பையன்கள் மூன்றே வாரத்தில் அப்படியே செய்து பாதி விலைக்கு விற்கிறார்கள் என்று சொன்னாய். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

நகல் எடுத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 2025 தொடக்கத்தில், புதுக் கம்பெனிகளுக்குப் பணம் போட்டு வளர்த்துவிடும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டரில் இருந்த கம்பெனிகளில் கால்வாசியில், கோடில் சுமார் 95 சதவீதத்தை ஏஐதான் எழுதியது என்று அவர்களே சொன்னார்கள். என்ன வேண்டும் என்று சொன்னால் ஏஐ வைத்து ஆப் செய்து தரும் பேஸ்44 என்ற கம்பெனியை இஸ்ரேலில் ஒருவர் தனி ஆளாகத் தொடங்கினார்; சில மாசங்களிலேயே அதை வெப்சைட் கட்டித் தரும் விக்ஸ் கம்பெனி 8 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. முன்பெல்லாம் பத்துப் புரோகிராமருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தவன் முந்தினான். அந்த வேலி போய்விட்டது. உனக்கும் அது வசதிதானே? நீயும் நாலு பேரை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறாய்.

பணம் இருந்தாலும் தப்ப முடியவில்லை. ஏஐ வைத்து விளம்பர வாசகம் எழுதித் தந்த ஜாஸ்பர், 2022 அக்டோபரில் 12.5 கோடி டாலர் திரட்டியது. அடுத்த மாசக் கடைசியில் சாட்ஜிபிடி இலவசமாக வந்து நின்றது. அதை விட்டது யார்? ஜாஸ்பருக்கு உள்ளே ஓடும் ஏஐ மாடலைக் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஓப்பன்ஏஐ.

அந்தப் பையன்களின் டெமோவை நானும் பார்த்தேன். பார்க்க உன்னுடையதைவிட அழகுதான், கோபித்துக்கொள்ளாதே. டையிங்குக்கு, அதாவது சாயம் போட, 500 கிலோ துணி போனதாக ஒரு டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போட்டு, திரும்பி வந்த எடை 470 என்று அடித்தேன். 30 கிலோ பாக்கி என்று சிவப்பில் காட்டியது. திருப்பூரில் எந்த டையிங்காரர் 500 வாங்கி 500 கொடுத்திருக்கிறார்? சாயம் ஏறி, காய்ந்து, பிறகு சுருங்காமலிருக்க அழுத்தும் காம்பேக்டிங் முடிந்து வரும்போது எடை குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையலாம் என்பது துணிக்குத் துணி, கலருக்குக் கலர், ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வது. அதற்கு மேல் போனால் கூலியில் பிடிப்பார்கள். அப்புறம் ஒரே லாட் இரண்டு டிசியில் போகும், மூன்று தடவையாக வரும், அதில் கொஞ்சம் ஷேட் சேரவில்லை என்று மறுபடி சாயத்துக்குத் திரும்பும். அந்தத் துணியை எந்தக் கணக்கில் வைப்பது? வரிப் பக்கமும் சும்மா இல்லை. ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கை ஜிஎஸ்டிக்குக் காட்டும் ஐடிசி-04 படிவத்தில் இந்தக் குறைச்சலுக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி கேட்பார்கள்.

உன் சாஃப்ட்வேரில் இதெல்லாம் இருப்பது நீ சின்ன வயதிலிருந்து எங்கள் ஆபீஸில் டிசி கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால்தான். வரிச் சட்டம் இணையத்தில் கிடைக்கும். டையிங்காரரிடம் வாய்ப்பேச்சாகப் பேசியது கிடைக்காது. ஆனால் இதை நம்பியே தூங்கிவிடாதே. அந்தப் பையன்கள் ஆறு மாசம் ஒரு பனியன் கம்பெனியில் உட்கார்ந்தால் கற்றுக்கொள்வார்கள். சனிக்கிழமை பட்டுவாடா நேரத்தில் சாஃப்ட்வேர் நின்றால் உன் கஸ்டமர் யாருக்குப் போன் போடுகிறார், எத்தனாவது ரிங்கில் எடுக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்.

விலையைப் பாதியாக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். பழைய சாஃப்ட்வேரில் இன்னொரு கஸ்டமர் சேர்ந்தால் செலவு ஏறக்குறைய ஒன்றும் கூடாது. இப்போது டிசியைப் போட்டோ எடுத்தால் ஏஐ படித்துப் பதிகிறது என்கிறாயே, ஒவ்வொரு போட்டோவுக்கும் உனக்குப் பில் ஏறுகிறது. ஏஐ வைத்துக் கோடு எழுத உதவும் கர்சர் கம்பெனியைப் பார். கிடுகிடுவென்று வளர்ந்தது. 2025 ஜூனில் கட்டண முறையை மாற்றி, எதிர்பாராத பில் வந்தவர்கள் கொந்தளித்ததும், ஜூலையில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அது மாடல் வாங்கும் ஆந்த்ரோபிக்கோ, கிளாட் கோட் என்று அதே வேலைக்குச் சொந்தமாக ஒன்றை விற்கிறது. நூல் கொடுக்கிறவரே எதிரில் பனியன் கம்பெனி தொடங்கின மாதிரி. உன் நூல் எங்கிருந்து வருகிறது? வேறு இடத்தில் வாங்க வழி வைத்திருக்கிறாயா?

லாகினுக்கு இவ்வளவு என்று வாங்குவதும் ரொம்ப நாள் ஓடாது. ஐந்து பேர் பதிந்த இடத்தில் இரண்டு பேர் போதும் என்று நீயே செய்து கொடுத்துவிட்டு, ஐந்து லாகினுக்கு எப்படிப் பணம் கேட்பாய்? கஸ்டமர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சாஃப்ட்வேர் விற்கிற இன்டர்காம், ஏஐ தீர்த்து வைத்த கேள்வி ஒன்றுக்கு 99 சென்ட் என்று வாங்குகிறது. நீயும் கணக்கு நேரான டிசி ஒன்றுக்கு இவ்வளவு என்று யோசிக்கலாம். ஆர்டர் இல்லாத மாசத்தில் உன் வருமானமும் விழும், அதனால் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் வைத்துக்கொள்.

எதையும் அறிவிக்கும் முன்பு, கடந்த மூன்று மாச ஏஐ பில்லையும் கஸ்டமர் வாரியாக எத்தனை போட்டோ வந்தது என்பதையும் எக்செல்லில் அனுப்பு. ஒரு டிசிக்கு உன் கைக்காசு எவ்வளவு போகிறது என்று நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா