பொன்னாடையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்டோபர் 1 உலக முதியோர் தினம். மறுநாளே கிராம சபை. முதல் நாள் பொன்னாடை போர்த்திக்கொண்ட எண்பத்தைந்து வயதுப் பெரியவரை மறுநாள் சபையில் காண முடிவதில்லை. தள்ளாமை, ஆர்வம் போய்விட்டது என்று ஊரார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் தடை வேறு.

முதல் தடை கழிப்பறை. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் நீர் மாத்திரை போடுபவருக்கு அடுத்த சில மணி நேரம் அடிக்கடி சிறுநீர் வரும். பதினொரு மணிக் கூட்டம் அவருக்குப் பெரும் அவஸ்தை. சிலர் தண்ணீரே குடிக்காமல் வந்து மயங்குகிறார்கள். சிலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அது இன்னும் ஆபத்து. சபை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீட்டைக் கேட்டு வைத்து, அழைக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட வேண்டிய பேச்சல்ல இது.

நாற்காலிக்குக் கைப்பிடி அவசியம். உட்காரும் உயரம் 45 செ.மீ.யாவது வேண்டும். மண் தரையில் போட்டால் பின்கால் புதைந்து சாயும். எழுந்த உடனே நடக்க விடக்கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்கட்டும்.

காது மந்தமானவருக்காக மைக் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு தீர்மானத்தையும் முகம் பார்த்து, நிதானமாக இரண்டே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தால் இவர்கள் வரமாட்டார்கள். நேரில் போய் அழைக்க வேண்டும். திரும்பக் கொண்டுவந்து விடுவது யார் என்றுதான் வீட்டார் முதலில் கேட்பார்கள். ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போவது நல்லது.

இதையெல்லாம் செய்து அழைத்து வந்து சும்மா உட்கார வைத்தால் அடுத்த முறை வரமாட்டார். வேலை கொடுக்க வேண்டும். ஏரி தூர்வாரும் தீர்மானம் வருகிறதா? எந்த மதகிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது, ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்தால் எந்த ஓடையில் போனது என்பது எண்பது கடந்தவர்களுக்கு அத்துப்படி. “பழைய கதை சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு வாரம் முன்பே வரைபடத்தோடு போய் உட்கார்ந்து குறித்து வரலாம். தெரு விளக்கு எங்கே வேண்டும், ரேஷன் கடைப் படி எவ்வளவு உயரம் என்பதிலும் அவர்கள் சொல்லே முதலில் கேட்கத்தக்கது.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் 85 வயது கடந்தவர் 12டி படிவம் கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்குகிறார்கள். படுக்கையில் இருப்பவரிடம் வார்டு உறுப்பினரும் அப்படிப் போய்க் கேட்டு, அவர் சொன்னதை அவர் பெயரைச் சொல்லியே சபையில் வாசிக்கலாம். இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
மூத்தோருடன் பணியாற்றும் தன்னார்வலர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்