கல் சாளைகளை நிமிர்த்துவோம்: ஊராருக்கும் சொந்தங்களுக்கும் நன்கொடை வேண்டுகோள்

ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சொந்தங்களுக்கும் வணக்கமுங்க.

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் ரோட்டுக்கு மேற்கே இருக்கிற நம்மூர்ப் பழைய பண்ணையத் தோட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே உள்ள நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டைப் படம் எடுக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வீடு நன்றாக இருக்கிறது. அதற்கு நாங்கள் பணம் கேட்கவில்லை. வீட்டுக்கு வடக்கே களத்தைச் சுற்றி நிற்கும் மூன்று கல் சாளைகளுக்காக, அதாவது கல் கொட்டகைகளுக்காகக் கேட்கிறோம்: மாட்டுக் கட்டுத்தரை, சோளத் தட்டுப் போடும் சாளை, தானியச் சாளை. படம் எடுக்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. வீட்டைக் கட்டக் காசு கொடுத்தது இந்தச் சாளைகள்தான். வயதிலும் இவைதான் மூத்தவை என்பது எங்கள் கணிப்பு.

கட்டுத்தரையின் தெற்குக் கோம்பைச் சுவரை, அதாவது கூரையின் முனையில் முக்கோணமாக ஏறும் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இப்போதுள்ள ஓட்டுக் கூரைக்கு மேலே, இன்னொரு கூரை நின்ற தடம் செங்குத்தாக ஏறிப் போகும். ஓலை வேய்ந்தால் தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும். சரிவு அதிகம் வேண்டும். ஓட்டுக்கு அவ்வளவு சரிவு தேவையில்லை. ஆக, இந்தச் சாளை முதலில் பனையோலை போட்டு நின்றது, பிறகு கூரையைத் தாழ்த்தி ஓடு போட்டிருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் அப்படி ஒரு தடமே கிடையாது. அது தொடக்கத்திலிருந்தே ஓட்டுக்கென்று கட்டிய வீடு.

சரி, ஓடு எப்போது வந்தது? சில ஓடுகளில் 1865 என்று பதிந்திருப்பதைப் பார்த்து, சாளைக்கே அதுதான் வயது என்று பலரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்புக்காரர்கள் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. அதை முத்திரையாக ஓட்டில் பதித்தார்கள். ஓடு எந்த வருடம் சுட்டது என்று அதிலிருந்து தெரியாது. சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை 1862இல் ரயில் பாதை முடிந்திருந்தது. மலையாளக் கரையிலும் ஓட்டு ஆலைகள் பெருகிய பிறகு, அந்தப் பாதை வழியே ஓடு இறங்கி, திருப்பூரிலிருந்து வண்டி கட்டி இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன்பே நின்றவை கூரையைத் தாங்கும் இந்தக் கல்கால்கள் (கல் தூண்கள்).

கல்கால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் பாதிக் குழிகள் வரிசையாகத் தெரியும். பாறையில் உளியால் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றித் தட்டிப் பிளந்த தடம் அது. விரல் வைத்தால் நுனி உள்ளே போகும். இடுப்பு உயரத்தில் மாடுகள் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கல் வழவழவென்று கறுத்திருக்கிறது. மேற்குச் சுவர் இரண்டடி அகலம், அதில் ஒரு ஜன்னல் கூட இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்றுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே களத்தைப் பார்த்துத் திறந்து கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முகக்கல், நடுவே செம்மண்ணும் சில்லும். அங்கங்கே சுவரின் முழு அகலத்துக்கும் ஒரு நீளக்கல் போய் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. படம் போட்டுக் கொடுக்க இன்ஜினியர் யாரும் இல்லாத காலத்தில் செய்த வேலை இது. எங்களுக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைத்த காலத்தில் இந்தக் கட்டுத்தரை நிறைய எருதுகள் நின்றன. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது. எருதுக்கு வேலை குறைந்தது. பாதிக் கட்டுத்தரை மோட்டார் சாமான் போடும் இடமாகி, அப்புறம் அதுவும் இல்லாமல் பூட்டிக் கிடந்தது.

இந்த வரலாற்றைத் தோட்டக்காரர் வீட்டுப் பெருமையாக மட்டும் எழுதி வைக்க எங்களுக்கு மனமில்லை. கல்லைப் பிளந்தவர்களும், கவலை ஓட்டியவர்களும், சாணி அள்ளியவர்களும் வீட்டு ஆசாரத்துக்குள் (முன்கூடத்துக்குள்) கால் வைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். அவர்கள் வாழ்நாள் பூராவும் புழங்கிய இடம் இந்தச் சாளைகள்தான். அவர்கள் குடும்பத்தினரும் எங்கள் சாளைப் பணிக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பதிவாகும்.

இப்போது நிலைமை மோசம். தெற்குப் பக்கம் சில வருடங்களுக்கு முன் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் நடு மண் இளகி, சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. தட்டுச் சாளையில் விட்டத்தின் ஒரு முனை இற்றுவிட்டது. ரிசார்ட்டுக்காரர்கள் கல்காலுக்கும் பனஞ்சட்டத்துக்கும் விலை கேட்டு வந்துபோகிறார்கள். தோட்டத்துப் பங்காளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் சம்மதித்து, சாளைகளையும் களத்தையும் 30 வருடத்துக்கு ஊர்ப் பொதுவுக்கு விட்டுப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த நல்ல மனதுக்கு நாம் செய்ய வேண்டிய பாக்கி இருக்கிறது.

மூன்று சாளைக்கும் சேர்த்து 18 லட்சம் ரூபாய் ஆகும். முதலில் கட்டுத்தரை, அதற்கு மட்டும் 7 லட்சம். இதுவரை 2 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்திருக்கிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, வயிறு தள்ளிய பகுதியைக் கல் கல்லாக எண் போட்டுப் பிரித்து, அதே கல்லை அதே இடத்தில் வைத்துச் சுண்ணாம்பில் கட்டப் போகிறோம். செலவில் பெரும்பங்கு கூலிதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துபோனார்கள். அவர்களுக்கு உரிய கூலியைக் குறைக்க மாட்டோம். நம் பையன்கள் நாலு பேராவது கூட நின்று தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் எங்கள் ஆசை.

பணம் ஏன் இப்போதே வேண்டும் என்றால், சுண்ணாம்பை ஆடியிலேயே நீர்த்து ஊறப் போட்டாக வேண்டும். காற்று அடங்கின பிறகு ஆவணியில் ஓடுகளை இறக்கினால்தான் புரட்டாசிக்குள் கூரை மூட முடியும். ஐப்பசி மழை திறந்த சுவரில் இறங்கினால் செய்த வேலையும் போய்விடும்.

வேலை முடிந்ததும் கட்டுத்தரையில் மறுபடி காங்கயம் மாடு கட்டப்படும். தைமாதம் பட்டிப் பொங்கலுக்கு (மாட்டுப் பொங்கலுக்கு) அங்கேயே சின்னதாகத் தெப்பக்குளம் கட்டிக் கன்றை மிதிக்க விடலாம். தானியச் சாளையில் ஏர், கவலைச் சாமான், நாட்டு விதைகள் எல்லாம் வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி செய்வோம்.

பணத்தைக் குழுவின் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். யாரிடமும் ரொக்கமாகத் தர வேண்டாம். மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. மாதா மாதம் வரவு செலவு கோயில் மண்டபத்தில் ஒட்டப்படும். நன்கொடை கொடுப்பவர்களுக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி வரிவிலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதை எண்ணிக் கொடுக்க நினைப்பவர்கள் பொறுத்துக் கொடுக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் இப்போது சட்டப்படி வாங்க முடியாது. தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. காசு முடியாதவர்கள் வீட்டில் கழற்றி வைத்த பழைய ஓடு, வைரம் பாய்ந்த பனஞ்சட்டம், சுண்ணாம்பில் சேர்க்கக் கடுக்காய், கருப்பட்டி எதுவானாலும் கொடுக்கலாம். வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். ஆவணி முதல் ஞாயிறு ஓடு இறக்குகிறோம். கைக்குக் கை மாற்றிக் கொடுக்க ஆட்கள் வேண்டும். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். சாப்பாடு களத்திலேயே.

இப்படிக்கு,
சாளைப் பணிக் குழுவினர்